ஒரு கையெழுத்துக்கு ஒரு நாள் கூலி

தேவிகுளம் தாலுகா ஆபீஸ் திறந்திருக்கும் நேரமும் மூணாறு மலையில் கொழுந்து எடுக்கும் நேரமும் ஒன்றுதான். ஆபீஸ் காலை பத்து மணிக்குத் திறந்து மாலை ஐந்துக்கு மூடும். காலை வருகைப் பதிவான மஸ்டரில் பேர் விழுந்துவிட்டால், தோட்டத்தில் இருப்பவர் சாயங்காலம் வரை தேயிலைக்காட்டை விட்டு இறங்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக்கு ஓய்வு. ஆபீசுக்கும் அன்றுதான் ஓய்வு. ஆகவே வருமானச் சான்று, சாதிச் சான்று, ரேஷன் கார்டில் பேர் சேர்ப்பது, வங்கிக் கணக்கில் ஆதாரை இணைப்பது என எந்தக் காரியமானாலும் அன்றைய கூலியை விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். போன காரியம் முடிந்தால் ஒரு நாளோடு போயிற்று. கையெழுத்துப் போட வேண்டியவர் மீட்டிங்குக்குப் போயிருந்தாலோ, சர்வர் படுத்துவிட்டாலோ, ஆதாரில் ஓர் எழுத்து மாறியிருந்தாலோ, வழியில் மண் சரிந்து பஸ் நின்றுவிட்டாலோ இன்னொரு நாளும் போகும். ஊரில் இதற்கு அலைச்சல் என்று பெயர். நமக்கு நேரம் சரியில்லை என்று நொந்துகொண்டு வீடு திரும்புவார்கள். இடுக்கி, பாலக்காடு மாவட்டங்களின் எல்லையோரத் தமிழர்கள் படும் இந்த அலைச்சலில் பெரும்பகுதியை விதியின் கணக்கில் எழுத முடியாது. ஆபீசின் நேரத்துக்கு மட்டும் மதிப்புண்டு, அங்கே வந்து நிற்பவரின் நாளுக்கு மதிப்பில்லை என்று வகுக்கப்பட்ட ஏற்பாடு அதை உண்டாக்குகிறது. மனிதர் வகுத்த ஏற்பாடு என்பதால் மாற்றவும் முடியும்.

ஒரு நாள் கூலி என்றால் என்ன என்பதற்கு மூணாறே சாட்சி. 2015 செப்டம்பரில் தேயிலைத் தோட்டப் பெண்கள், தாங்கள் சந்தா கட்டிவந்த தொழிற்சங்கங்களையே ஒதுக்கிவிட்டு, பெம்பிளை ஒருமை என்ற பெயரில் மூணாறு சாலையில் உட்கார்ந்தார்கள். போனசில் தொடங்கிய போராட்டம் கூலியில் போய் நின்றது. அப்போது நாள் கூலி 232 ரூபாய். கேட்டது 500, கடைசியில் கிடைத்தது 301. அந்த 69 ரூபாய் உயர்வு தானாக வந்ததல்ல. கேரளம் முழுவதும் திரும்பிப் பார்க்கும்படி போராடிப் பெற்றது. அப்படிப் பெற்றவரிடம் ஓர் ஆபீஸ் ‘நாளைக்கு வாங்க’ என்று சொல்லும்போது, அந்த உயர்வைப் போல நான்கு மடங்குக்கும் மேலான தொகை ஒரே பேச்சில் கையை விட்டுப் போகிறது. இழப்பு கூலியோடும் நிற்பதில்லை. அளவுக்கு மேல் எடுத்த கொழுந்துக்குக் கிடைக்கும் கிலோக் காசும் அன்று இல்லை. சம்பளத்தோடு விடுப்பு எடுத்துக்கொண்டு போகலாமே என்றால் அதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் இருபது நாள் வேலைக்கு ஒரு நாள் சம்பள விடுப்பு என்று வகுத்தது. ஒரு சான்றிதழுக்காக மூன்று நாள் அலைந்தால் அறுபது நாள் உழைத்துச் சேர்த்த விடுப்பு கரைந்துவிடும். மாதச் சம்பளக்காரர் ‘ஒரு மணி நேரம் பர்மிஷன்’ போட்டுவிட்டு முடித்துவிடும் காரியத்துக்கு இங்கே கொடுக்கும் விலை இது.

தூரத்தை எடுத்துக்கொண்டால், பரம்பிக்குளத்தை விடத் தெளிவான உதாரணம் வேறில்லை. பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகா, முதலமடை பஞ்சாயத்து என்பது அதன் விலாசம். ஆனால் பரம்பிக்குளத்திலிருந்து சொந்தப் பஞ்சாயத்து ஆபீசுக்குக் கேரள மண் வழியாகவே போய்ச்சேர பஸ் ஓடும் சாலை கிடையாது. டாப்சிலிப் வழியாகத் தமிழ்நாட்டுக்குள் இறங்கி, சேத்துமடை, ஆனைமலை தாண்டி, மறுபடி கேரளத்துக்குள் நுழைய வேண்டும். மாவட்டத் தலைநகரான பாலக்காட்டுக்குப் பொள்ளாச்சி வழியாக ஏறத்தாழ நூறு கிலோமீட்டர். இடையில் இரண்டு மாநில வனத்துறைகளின் கேட்டுகள். இருட்டிவிட்டால் காட்டு வழி அடைபடும். (அணை இருப்பது கேரளத்தில், அதை இயக்குவது தமிழ்நாடு. தண்ணீருக்கு இரு மாநிலங்களும் ஒப்பந்தம் போட்டுவிட்டன. ஒரு சான்றிதழுக்காக இறங்கி ஏறும் மனிதருக்கு அப்படி ஒன்று இன்னும் வரவில்லை.) 2020-இல் கொரோனாவுக்காக எல்லைகள் அடைபட்டபோது இந்த ஊர்களின் நிலை அப்பட்டமாக வெளியே தெரிந்தது. சொந்த மாவட்டத்தின் மற்றப் பகுதிகளுக்குப் போக அடுத்த மாநிலத்தின் அனுமதியை எதிர்பார்த்து நின்றார்கள். அதே ஆண்டில்தான் பரம்பிக்குளம் பக்கத்துத் தேக்கடிக் காலனியின் ஆதிவாசி மக்கள், முதலமடைப் பஞ்சாயத்திலேயே இருக்கும் செம்மணாம்பதிக்குத் தாங்களே காட்டுவழி வெட்டக் கிளம்பினார்கள். குமுளிக்குப் பக்கத்தில் இருக்கும் புகழ்பெற்ற தேக்கடியோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அந்தத் தேக்கடிக்குச் சாலைகள் உண்டு.

இடுக்கிப் பக்கமும் கதை வேறல்ல. 1972-இல் மாவட்டம் பிறந்தது, தலைமையிடம் பைனாவில். மூணாறிலிருந்து அங்கே போய்வர ஒரு பகல் முழுவதும் வேண்டும். வட்டவடையிலிருந்தோ காந்தல்லூரிலிருந்தோ கிளம்பினால் பகலும் போதாது. கேரளத்தின் முதல் பழங்குடிப் பஞ்சாயத்து என்று 2010-இல் உருவான இடமலக்குடிக்கு நேர்ந்தது இன்னும் விசித்திரம். முதுவர் குடிகள் காட்டுக்குள் இருக்க, அவர்களுடைய பஞ்சாயத்து ஆபீஸ் பல ஆண்டுகள் தேவிகுளத்தில் இருந்து இயங்கியது. பஞ்சாயத்து என்பதே ஆட்சியை வாசலுக்குக் கொண்டுவரும் ஏற்பாடு என்று பாடப்புத்தகத்தில் படிக்கிறோம். இங்கே வாசல் இருந்த ஊர் வேறு, ஆட்சி இருந்த ஊர் வேறு. சாலை இருக்கும் இடத்திலும் நம்பிக் கிளம்ப முடியாது. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் மூணாறு - மறையூர் - உடுமலைப்பேட்டைச் சாலையின் பெரியவாரைப் பாலம் உடைந்தது. தற்காலிகமாகக் கட்டியதையும் அதே ஆண்டு நவம்பரில் கஜா புயல் மழை அடித்துக்கொண்டு போயிற்று. போடிமெட்டுப் பாதையின் கேப் ரோட்டில் எப்போது பாறை உருளும் என்று யாராலும் சொல்ல முடியாது. போதாக்குறைக்கு யானை. ரஜினி படத்தின் பெயரைச் சுமந்து திரியும் படையப்பா, மூணாறு சாலைகளில் அரசு பஸ்ஸையே மறித்து நிற்கும். 2023 ஏப்ரல் 29-ஆம் தேதி பிடித்துக்கொண்டு போகப்பட்ட அரிக்கொம்பன், அதற்கு முன் பன்னியார் எஸ்டேட் ரேஷன் கடையைத் திரும்பத் திரும்ப இடித்தது. அரிசி வாங்கப் போனவரிடம் ‘யானை வந்துட்டுப் போயிருச்சு’ என்று சொல்லப்பட்டால் அதை வேடிக்கை என்று ஒதுக்க முடியாத ஊர் இது. யானைக்கும் மழைக்கும் எந்த அரசும் பொறுப்பேற்க முடியாது, ஒப்புக்கொள்ளலாம். ஆனால் மழையும் யானையும் உள்ள மலையில்தான் ஆபீஸ் நடக்கிறது என்பதை நினைவில் வைத்து அதை நடத்தலாம் அல்லவா?

எல்லையில் வாழ்பவர் இரண்டு காலண்டர்களைப் பார்த்துக் கிளம்ப வேண்டும். கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி, வேலந்தாவளம் பக்கத்துக் குடும்பங்களுக்குக் காகிதம் சித்தூரில், கடைத்தெருவும் ஆஸ்பத்திரியும் கோயம்புத்தூரிலோ பொள்ளாச்சியிலோ. மறையூர்க்காரருக்குச் சந்தை உடுமலைப்பேட்டை. அட்டப்பாடிக்காரர் ஆனைகட்டி வழியாகக் கோவைக்கு இறங்குகிறார். கம்பம், போடி, தேவாரம் பக்கத்திலிருந்து தினமும் விடியலில் ஜீப் ஏறி ஏலத் தோட்டங்களுக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கு இது தலைகீழ்: ரேஷன் கார்டு தேனி மாவட்டத்தில், கூலி இடுக்கி மாவட்டத்தில். ஓணத்துக்கு ஒரு பக்கம் மூடும், மாட்டுப் பொங்கலுக்கு மறுபக்கம் மூடும். ஒரு பக்கத்தில் திடீர் ஹர்த்தால் என்றால் மறுபக்கத்து பஸ் வாளையாரிலோ கோவிந்தாபுரத்திலோ போடிமெட்டிலோ திரும்பிவிடும். இந்த நிலை கேரள அரசுக்குத் தெரியாததல்ல. இடுக்கி, பாலக்காடு உள்ளிட்ட ஆறு எல்லை மாவட்டங்களுக்குப் பொங்கலுக்கு உள்ளூர் விடுமுறை விடுகிறதே! பண்டிகைக்கு நினைவுக்கு வரும் தமிழர், விண்ணப்பம் கொடுக்க வரும் நாளில் ஏன் மறந்துபோகிறார் என்பதுதான் கேள்வி.

அடுத்தது மொழி. இங்கே சட்டம் தமிழர் பக்கம் இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. கேரளத்தின் 1969-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டத்தின் மூன்றாம் பிரிவு, தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைவர்களுக்கும், மொழிச் சிறுபான்மைப் பகுதிகளாக அறிவிக்கப்பட்ட இடங்களின் அரசு ஆபீஸ்களுக்கும் தங்கள் மொழியிலேயே எழுதலாம், பதிலும் அதே மொழியில் வர வேண்டும் என்கிறது. மாநில எல்லைகள் வகுக்கப்பட்ட 1956-இல் தேவிகுளமும் பீர்மேடும் எந்த மாநிலத்துக்கு என்று நடந்த சண்டை ஊருக்குத் தெரியும். அந்தச் சண்டை ஓய்ந்த பின் வந்த இந்தப் பிரிவு அவ்வளவாகத் தெரியாது. அதற்கேற்ப, தமிழும் மலையாளமும் தெரிந்தவர்களுக்கென்று பி.எஸ்.சி. தனிக் கிளார்க் பணியிடங்களுக்கும் தேர்வு நடத்துகிறது. ஆனாலும் கவுண்டரில் நிற்கும்போது கைக்கு வரும் படிவம் பெரும்பாலும் மலையாளத்தில்தான். தமிழ் வழியில் படித்த ஐம்பது வயதுப் பெண் அதை நிரப்ப யாரையாவது தேடுகிறார். நிரப்பிக் கொடுப்பவர் காதில் விழுந்தபடி எழுதுகிறார். தமிழில் இன்ஷியல் முன்னால் வரும், மலையாளப் படிவத்தில் பின்னால் போகும், ஆதாரில் அப்பா பெயரே முழுதாக நீளும். ஒரே ஆளுக்கு மூன்று காகிதத்தில் மூன்று பெயர் இப்படித்தான் வருகிறது. இருவரும் ஒருவரே என்று வில்லேஜ் ஆபீசர் தரும் சான்று என ஒரு தனி வகையே கேரளத்தில் இருக்கிறது. ஒரு பிழையைத் தீர்க்க ஒரு சான்றிதழ் வகையையே உண்டாக்க நேர்ந்திருக்கிறது என்றால், பிழை தனிமனிதர்களின் கவனக்குறைவால் மட்டும் வருவதாக இருக்க முடியாது. அந்தச் சான்றுக்கும் ஒரு நாள் போகும் என்பது வேறு. இந்தப் பிழை சாமானியரை மட்டும் பிடிப்பதும் இல்லை. 2021 மே மாதம் தேவிகுளம் எம்.எல்.ஏ. ஏ.ராஜா சட்டப்பேரவையில் தமிழில் உறுதிமொழி ஏற்றார். அவருக்குத் தரப்பட்ட தமிழ் வாசகத்தில் வேண்டிய சொற்கள் விடுபட்டிருந்ததால் ஜூன் மாதம் மறுபடியும் உறுதிமொழி ஏற்க வேண்டிவந்தது. எம்.எல்.ஏ.வுக்கே ‘இன்னொரு தரம் வாங்க’ என்றால், தோட்டத்து ஏழாம் நம்பர் லயத்து வீட்டில் இருப்பவருக்கு என்ன சொல்வார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

இதற்கெல்லாம் முதல் மறுப்பு, ‘இப்போது எல்லாம் ஆன்லைன் ஆகிவிட்டதே’ என்பது. பாதி உண்மை. 2002-இல் மலப்புறத்தில் தொடங்கிய அக்ஷயா இணையச் சேவை மையங்கள் கேரளத்தின் உண்மையான சாதனை. எத்தனையோ சான்றிதழ்களுக்கு இன்று தாலுகா வரை போக வேண்டியதில்லை. ஆனால் ஆன்லைன் என்பது வரிசையை ஒழித்துவிடவில்லை, ஆபீஸ் வாசலிலிருந்து அக்ஷயா வாசலுக்கு நகர்த்தியிருக்கிறது. அந்த மையமும் பகலில்தான் திறக்கும், டவுனில்தான் இருக்கும். ரேஷன் கடை இ-போஸ் இயந்திரத்தைப் பாருங்கள். 2023-இல் சர்வர் சுமை தாங்காமல், ஏழு மாவட்டங்களுக்குக் காலையிலும் மற்ற ஏழுக்கு மாலையிலும் என்று மாநிலம் முழுவதும் கடைகளை ஷிப்ட் முறையில் திறக்க வேண்டிவந்தது. 2024 மார்ச்சில், விரல்ரேகை வைத்து கார்டுதாரரைச் சரிபார்க்கும் ரேஷன் மஸ்டரிங் தொடங்கியதும் அதே சர்வர் காலை வாரி, பாதியில் நிறுத்தப்பட்டது. கொச்சிக்காரருக்கு அது எரிச்சல். கடையை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார். மலை இறங்கி வந்தவருக்கு அது ஒரு நாள் கூலி. கொழுந்து கிள்ளிக் காய்த்த விரலின் ரேகையை இயந்திரம் ஏற்க மறுக்கும் சங்கடமும் இதோடு சேரும். எல்லோருக்கும் ஒரே மாதிரி நேரும் கோளாறு எல்லோருக்கும் ஒரே மாதிரி வலிப்பதில்லை.

இரண்டாவது மறுப்பு கொஞ்சம் கடுமையானது: ‘காகிதங்களைச் சரியாக எடுத்துக்கொண்டு போக மாட்டார்கள், ஒன்றை எடுத்தால் ஒன்றை மறப்பார்கள், தப்பு அவர்கள் மேல்தான்.’ மறப்பது நடக்கிறது, மறுக்க வேண்டாம். ஏன் நடக்கிறது என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே ஓர் ஆய்வு உண்டு. விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் 464 கரும்பு விவசாயிகளை அறுவடைக்கு முன்னும் பின்னும் சோதித்துப் பார்த்த செந்தில் முல்லைநாதன் உள்ளிட்ட பொருளாதார, உளவியல் ஆய்வாளர்கள், 2013-இல் ‘சயன்ஸ்’ இதழில் முடிவுகளை வெளியிட்டார்கள். அதே மனிதர்கள், கையில் பணம் இல்லாத அறுவடைக்கு முந்தைய நாட்களில் கவனச் சோதனைகளில் தடுமாறினார்கள்; கரும்புப் பணம் வந்த பிறகு தெளிவாகச் செய்தார்கள். மாறியது பணக் கவலை, ஆள் அல்ல. கூலி போகிறதே, கடைசி பஸ் போய்விடுமே, பிள்ளை பள்ளிக்கூடத்திலிருந்து வந்துவிடுமே என்று மூன்று கவலைகளோடு நிற்பவர் போட்டோ நகல் ஒன்றை விட்டுவிட்டு வருவதில் என்ன வியப்பு? அமெரிக்க அறிஞர்கள் பமீலா ஹெர்ட், டொனால்ட் மொய்னிஹன் இருவரும் 2018-இல் எழுதிய நூலில் நிர்வாகச் சுமை என்று ஒன்றைப் பேசுகிறார்கள். தெரிந்துகொள்ளும் பாடு, படிவங்களை நிறைவு செய்யும் பாடு, மனம் படும் பாடு என்ற மூன்றும் சேர்ந்து, உரிமை உள்ளவரையே உரிமையைக் கைவிட வைக்கின்றன என்பது அவர்கள் வாதம். நம் ஊரில் ‘அந்தப் பணமே வேண்டாம் சாமி’ என்று பென்ஷன் விண்ணப்பத்தைப் பாதியில் விட்டவரைக் கேட்டால் இதே வாதத்தை நூல் இல்லாமலே சொல்லிவிடுவார்.

‘கேரளத்தில் இருந்தால் மலையாளம் படிக்க வேண்டியதுதானே’ என்பவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டும். படிக்கத்தான் வேண்டும், படித்துக்கொண்டும் இருக்கிறார்கள். 2017-இல் வந்த சட்டம் பத்தாம் வகுப்பு வரை மலையாளத்தைக் கட்டாயமாக்கிவிட்டது. மூணாறிலும் சித்தூரிலும் வளரும் பிள்ளைகளுக்கு இரண்டு மொழியும் நாக்கில் புரளும். ஆனால் இன்று சான்றிதழுக்கு அலைபவர்களில் பெரும்பாலோர் அந்தப் பிள்ளைகளின் பெற்றோரும் தாத்தா பாட்டிகளும். மலையாளம் பேசத் தெரிந்தவர்களே. படிவம் நிரப்புவது வேறு வித்தை. மேலும், தமிழில் எழுதும் உரிமையைக் கொடுத்தது தமிழ்நாடு அல்ல, கேரளச் சட்டமன்றம். அதைக் கேட்பது மலையாளத்தை மறுப்பதாகாது. அதே போல, ‘மற்ற மாநிலங்களை விடக் கேரளம் எவ்வளவோ மேல்’ என்பதும் சரிதான். ரேஷன் கடை, ஆரம்ப சுகாதார நிலையம், குடும்பஸ்ரீ மகளிர் குழுக்கள் என்று மலை மேல் வரை ஆட்சி ஏறியிருக்கிறது. அந்த அளவுக்கு ஏறிய ஆட்சியால் கடைசிப் படியையும் ஏற முடியும் என்பதாலேயே இந்த எதிர்பார்ப்பு. இடுக்கிக்கு மாற்றம் என்றாலே தண்டனையாக நினைக்கும் ஊழியர்களும் உண்டு, காலியாகக் கிடக்கும் நாற்காலிகளும் உண்டு, ஒரே கிளார்க் இரண்டு பேர் வேலையைச் சுமப்பதும் உண்டு. குறை கவுண்டருக்குப் பின்னால் இருப்பவரின் குணத்தில் இருப்பதாக இந்தக் கட்டுரை எங்கும் சொல்லவில்லை.

தீர்வுக்கான வழியை, சற்றும் எதிர்பாராத இடத்தில், கேரள உயர் நீதிமன்றமே காட்டியிருக்கிறது. 2019 ஜனவரி 7 அன்று, ஏழு நாள் முன்னறிவிப்பு இல்லாமல் ஹர்த்தாலுக்கு அழைக்கக் கூடாது என்று அது உத்தரவிட்டது. எதிர்ப்புத் தெரிவிப்பது உரிமை, ஆனால் மற்றவர் தம் நாளைத் திட்டமிட்டுக்கொள்ள அவகாசம் கொடு என்பது அதன் சாரம். கட்சிகளிடம் கேட்ட அந்த அவகாசத்தை ஆபீஸ்களிடம் ஏன் கேட்கக் கூடாது? தாசில்தார் நாளை மீட்டிங்கில் இருப்பார் என்பது முதல் நாளே தெரியும். சர்வர் இயங்கவில்லை என்பது காலையில் இயந்திரத்தைத் தொட்டவுடன் தெரியும். தெரிந்த செய்தி மலை ஏறாமல் ஆபீசுக்குள்ளேயே தங்கிவிடுவதுதான் கூலியைத் தின்கிறது. 2012-இல் வந்த கேரளச் சேவை உரிமைச் சட்டம், எந்தச் சான்றை எத்தனை நாளுக்குள் தர வேண்டும் என்று நிர்ணயிக்க வழி செய்தது. நல்ல சட்டம். ஆனால் ஒரு சான்றுக்கு ஒருவரை எத்தனை முறை வரவழைக்கலாம் என்று அது கேட்கவில்லை. நாளை எண்ணினார்கள், நடையை எண்ணவில்லை.

செய்ய வேண்டியவை பெரிய காரியங்கள் அல்ல. தேவிகுளம், உடும்பஞ்சோலை, பீர்மேடு, சித்தூர் தாலுகா ஆபீஸ்களையும் தோட்டப் பகுதி வில்லேஜ் ஆபீஸ்களையும் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை திறந்து, ஊழியர்களுக்கு வாரநாள் ஒன்றை ஈடாக விடலாம். ஞாயிறு சாத்தியமில்லை என்பவர்கள், வாக்காளர் பட்டியல் திருத்த முகாம்கள் தமிழ்நாட்டில் சனி, ஞாயிறுகளில் பள்ளிக்கூடங்களில் நடப்பதைப் பார்க்கலாம். ஓட்டுக்கு முடிவது சான்றிதழுக்கும் முடியும். பரம்பிக்குளத்துக்கும் இடமலக்குடிக்கும் மக்கள் இறங்கி வருவதற்குப் பதில் ஆபீஸ் மாதம் ஒரு முறை ஏறிப் போகலாம். படிவத்தின் பின்பக்கம் தமிழில் அச்சடிக்கலாம். முதல் தடவை வரும்போதே தேவையான காகிதங்கள் முழுவதையும் தமிழில் எழுதி, முத்திரையோடு கையில் கொடுத்துவிட்டால், இரண்டாம் தடவை புதிதாக ஒன்றைக் கேட்கும் வழக்கம் தானே நின்றுவிடும். தோட்ட நிர்வாகங்களும் தொழிற்சங்கங்களும் ஆண்டுக்குச் சில மணி நேரங்களைச் சம்பளம் பிடிக்காத ஆபீஸ் நேரமாகப் பேசி ஒப்பந்தத்தில் சேர்க்கலாம்; போனசுக்கும் கூலிக்கும் உட்கார்ந்த மேசையில் இதற்கும் இடம் உண்டு.

இவற்றில் சிலவற்றுக்குப் பணம் வேண்டும், சிலவற்றுக்குத் திருவனந்தபுரத்தின் ஒப்புதல் வேண்டும். ஒன்றுக்கு மட்டும் இரண்டும் வேண்டாம். இன்று அதிகாரி இருக்கிறாரா, சர்வர் இயங்குகிறதா, சாலை திறந்திருக்கிறதா என்ற மூன்று வரிச் செய்தியைத் தமிழிலும் மலையாளத்திலும், மஸ்டருக்கு முன்பாக, ஒவ்வொரு எஸ்டேட் டிவிஷனின் வாட்ஸ்அப் குழுவுக்கும் பஞ்சாயத்து உறுப்பினருக்கும் அனுப்பிவிடுவது. இடுக்கி, பாலக்காடு மாவட்ட ஆட்சியர்கள் இருவரும் இதை நாளைக்கே தொடங்க முடியும். அதற்கு ஆளுக்கு ஓர் உத்தரவு போதும்.